சொட்டுநீர் அட்டவணை குறித்த புகார்

அனுப்புநர்: காபித் தோட்ட உரிமையாளர், ஏற்காடு, சேலம் மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை

பொருள்: மண் நயத்தை (மணல், வண்டல், களி கலந்திருக்கும் அளவை) மட்டும் வைத்துப் போட்ட பாசன அட்டவணை, கட்டணத்தைத் திருப்பித் தருவது

ஐயா,

"உங்கள் மண்ணுக்கென்றே தயாரித்தது" என்று நீங்கள் கொடுத்த சொட்டுநீர்ப் பாசன அறிக்கையில், என் மண்ணில் தண்ணீர் இறங்கும் வேகம் நாளுக்கு 4.8 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. மண்ணியல் படித்த என் அக்கா மகள் பார்த்த உடனே பிடித்துவிட்டாள். இது 1988-இல் கார்செல், பாரிஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்க மண்களை வைத்துக் களிமண் வகைக்குப் போட்ட சராசரி. என் தோட்டத்து மண்ணை நீங்கள் எடுத்துப் போனது அந்தப் பட்டியலில் எந்த வரி என்று பார்க்கத்தானா?

4.8 சென்டிமீட்டர் என்றால் மணிக்கு 2 மில்லிமீட்டர். இங்கே கோடை மழை அரை மணியில் 20 மில்லிமீட்டர் கொட்டிவிட்டுப் போகும். உங்கள் கணக்கு சரியென்றால் பெரும்பகுதி சரிவில் வழிந்தோடியிருக்க வேண்டும். நிழல் மரத்தடியில் பாத்தி கூட நிரம்பாமல் அத்தனையும் உள்ளே போகிறது.

காரணம் தெரியாததல்ல. ஆய்வகத்தில் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் மண்ணைக் கலக்கிப் பிரித்துத்தான் களி எவ்வளவு என்று அளக்கிறார்கள். சேர்வராயன் மலைச் செம்மண்ணில் அந்தக் களி தனித்தனியாகக் கிடப்பதில்லை. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஒட்டிப் பொடிப்பொடி உருண்டைகளாக நிற்கிறது. உருண்டைகளுக்கு நடுவே உள்ள சந்தில் தண்ணீர் மணலில் போவதுபோல இறங்கும். ஆனால் மண் கொஞ்சம் காய்ந்து அந்தச் சந்துகள் காலியானதும், நீர் நகரும் வேகம் ஆயிரம் மடங்குக்கு மேலும் விழும். எந்த ஈரத்தில் விழும் என்பதைச் சொல்வது இந்த உருண்டைக் கட்டு. மணல், வண்டல், களி மூன்றின் சதவீதத்துக்கு அது தெரியாது. வெப்பமண்டல மண் இப்படி மாறி நடப்பதை ஹாட்னெட், டோமசெல்லா என்ற ஆய்வாளர்கள் 2002-லேயே எழுதிவிட்டார்கள்.

களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று நம்பி, ஒரே மூச்சில் நெடுநேரம் விட்டுப் பிறகு பல நாள் நிறுத்தச் சொன்னீர்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் நெல்லுக்குச் சரி, சென்ற ஆண்டு நட்ட காபிக்கு அல்ல. குழி வெட்டிப் பார்த்தால் மேல் ஒரு அடியில் புழுதி, மூன்றடிக்குக் கீழே சேறு. குழாய் வழியே விட்ட உரமும் அங்கேதான் போயிருக்கும். செடிகள் வாடி, பல பட்டே போய்விட்டன. காபி பூக்கத் தேவையான பூ மழை தவறிய வருடத்தில் இதுவும் சேர்ந்துகொண்டது.

உங்கள் பிரதிநிதியிடம் கேட்டால், "சாஃப்ட்வேர் அப்படித்தான் சார் காட்டுது" என்கிறார்.

அறிக்கைக் கட்டணத்தை முழுவதும் திருப்பித் தாருங்கள். தண்ணீர் இறங்கும் வேகத்தை அளக்கும் தட்டு ஊடுருவல்மானியை மண்ணில் வைத்து, பல இழுவிசைகளில் (தண்ணீரை மண் இழுக்கும் பல அளவுகளில்) வேகத்தை நேரடியாக அளந்து, பருமன் அடர்த்தியும் (மண் எவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்பதும்) கரிமச் சத்தும் சேர்த்துப் புதிய அட்டவணை போட்டுத் தாருங்கள். செடிகளுக்கு அருகே ஒரு அடியிலும் இரண்டடியிலும் மண்ணின் ஈரநிலையைக் காட்டும் டென்சியோமீட்டர் பதிப்பதும் உங்கள் செலவுதான். பதினைந்து நாளில் எழுத்துமூலமாகப் பதில் வராவிட்டால், சேலம் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அறிக்கையின் நகலும் குழியின் புகைப்படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தோட்ட உரிமையாளர்