நெகட்டிவ்களைக் கேட்காமல் அப்புறப்படுத்தியது குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கவுலி ரோடு, ஆக்ஸ்போர்டு
பெறுநர்: நிர்வாக இயக்குநர், பிலிம் கழுவி ஸ்கேன் செய்து தரும் நிறுவனம், லண்டன்

பொருள்: திருப்பித் தருவதாகப் பணம் வாங்கிய நெகட்டிவ்களை அப்புறப்படுத்தியது, புஷ் செய்யச் சொன்ன (அதாவது கூடுதல் நேரம் கழுவச் சொன்ன) ரோல்களைச் சாதாரணமாகக் கழுவியது ஆகியவை பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் கடையில் எப்போதும் தமிழிலேயே பேசிப் பழகியவன் என்பதால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

நான்கு 35 மி.மீ. ரோல்களை உங்களிடம் நேரில் வந்து கழுவக் கொடுத்தேன். இரண்டு கோடாக் போர்ட்ரா 400 கலர், இரண்டு இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை. நான்கும் ஆக்ஸ்போர்டில் எடுத்தவை. ஸ்கேன் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. நெகட்டிவ் வரவில்லை. விசாரித்தபோது, பெரும்பாலான வாடிக்கையாளர்கள் நெகட்டிவ் கேட்பதில்லை, அதனால் ஸ்கேன் முடிந்ததும் அப்புறப்படுத்திவிட்டோம் என்று உங்கள் சேவைப் பிரிவிலிருந்து பதில் வந்தது. ஈடாக ஒரு புது ரோல் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த ரோல் எனக்கு வேண்டாம். அந்தப் பதிலையும் நான் ஏற்கவில்லை.

பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். நான் கேட்டேன். ஆர்டர் படிவத்தில் நெகட்டிவ் திருப்பி அனுப்பவும் என்ற கட்டத்தில் டிக் செய்திருக்கிறேன். அதற்கான தபால் செலவு 4 பவுண்டு 50 பென்ஸ் ரசீதில் தனி வரியாகவே இருக்கிறது. கவுண்டரில் இருந்த தம்பியிடம் வாயாலும் சொன்னேன். “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை, எல்லாம் தபாலிலை வரும்” என்றார். அவரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. படிவத்தை வாங்கிய இடத்துக்கும் பிலிம் கழுவுகிற இடத்துக்கும் நடுவே எங்கோ அந்த டிக் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது. அது உங்கள் நிறுவனத்தின் நடைமுறையில் உள்ள ஓட்டை.

அந்த ரோல்களில் என்ன இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சும்மா நாலு ஊர்ப் படம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

முதல் போர்ட்ரா ரோலின் கடைசிப் பகுதியில் என் அக்கா மகளின் படங்கள் இருக்கின்றன. ஆக்ஸ்போர்டில் தேர்வு எழுதப் போகிறவர்கள் கறுப்பு அங்கி அணிந்து, சட்டையில் கார்னேஷன் பூ ஒன்றைக் குத்திக்கொண்டு போவார்கள். முதல் தேர்வுக்கு வெள்ளை, நடுவில் உள்ளவற்றுக்கு இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு. அவளுடைய கடைசித் தேர்வு ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள எக்ஸாமினேஷன் ஸ்கூல்ஸ் கட்டடத்தில் நடந்தது. முடித்தவர்கள் பின்பக்கமாக மெர்ட்டன் ஸ்ட்ரீட்டில்தான் வெளியே வருவார்கள். அங்கே நின்று எடுத்தேன். தோழிகள் இழுத்துக்கொண்டு போவதற்குள் கிடைத்த சில நொடிகள்தான். அந்தச் சிவப்புப் பூவை அவள் இனி எந்தத் தேர்வுக்கும் குத்தப் போவதில்லை. வேறு யாரும் அந்த இடத்தில் அவளைப் படம் எடுக்கவும் இல்லை.

இரண்டாவது போர்ட்ரா ரோல் மே மாதம் முதல் தேதி விடியற்காலையில் எடுத்தது. காலை 6 மணிக்கு மாட்லின் கல்லூரிக் கோபுரத்தின் உச்சியில் நின்று பாடகர் குழு பாடும். கீழே பாலத்திலும் தெருவிலும் ஊரே கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். வருடத்தில் ஒரே ஒரு காலை, அதுவும் சில நிமிடங்கள். அடுத்த வருடமும் மே 1 வரும்தானே என்று யாராவது சொல்லலாம். அதே முகங்கள் வராது, அதே வெயிலும் வராது.

மீதிப் படங்களெல்லாம் கல். இந்த ஊரைப் பிலிமில் எடுப்பதற்கு எனக்கு இருக்கும் முக்கியமான காரணமே கல்தான். ராட்கிளிஃப் சதுக்கத்தில் சாயங்கால வெயில் மேற்கிலிருந்து ஆல் சோல்ஸ் கல்லூரி முகப்பில் விழும்போது, சுவர் தேன் நிறத்துக்கு வந்து, கொஞ்ச நேரத்தில் ரோஜா நிறத்துக்குப் போய், அப்புறம் சட்டென்று சாம்பலாகிவிடும். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1749-இல் முடிந்த ராட்கிளிஃப் கேமரா என்ற நூலகக் கட்டடத்தின் வளைந்த சுவரில் அந்த நிறம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அந்த இறக்கத்தைக் கலர் நெகட்டிவ் பிடிக்கிற மாதிரி வேறொன்றும் பிடித்து நான் பார்த்ததில்லை. போர்ட்ராவின் ஒளியுணர்திறன் எண் 400. அதை நான் கேமராவில் 200 என்று வைத்து, வேண்டுமென்றே ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் கொடுத்து எடுக்கிறேன். நிழலில் உள்ள கல்லின் வெடிப்பும் வரும், வெயில் பட்ட இடமும் வெளுத்துப் போகாது. கலர் நெகட்டிவ் அந்த அளவு வெளிச்சத்தைத் தாராளமாகத் தாங்கும்.

நீங்கள் அனுப்பிய ஸ்கேனில் அந்தச் சுவர் சிமெண்டு நிறத்தில் இருக்கிறது. ஏன் என்று எனக்குப் புரிகிறது. படம் முழுக்க மஞ்சளாக இருந்தால், ஏதோ நிறக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம் அதை நடுநிலைக்கு இழுத்துவிடும். நிதானமாக ஒவ்வொரு பிரேமையும் பார்த்துச் சரிசெய்ய ஓர் ஆள் வேண்டும். அது இல்லாத விலையில்தான் நான் ஸ்கேன் வாங்கினேன், அதனால் ஸ்கேன் நிறத்தைப் பற்றித் தனியாக நான் புகார் சொல்லவில்லை. ஆனால் அந்த மலிவான ஸ்கேனை நான் வாங்கியதே நெகட்டிவ் கைக்கு வரும் என்ற உறுதியில்தான். எது நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த அளவு போதும். தேர்ந்தெடுத்ததைப் பிறகு நெகட்டிவிலிருந்து பெரிதாக ஸ்கேன் செய்யலாம், பிரிண்ட் போடலாம். இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது 1545-க்கு 1024 பிக்சல் ஜேபெக் கோப்புகள். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் சாதாரண 6×4 அங்குல பிரிண்டுக்கே அவை போதாது. அக்கா மகளின் சட்டையில் இருக்கும் கார்னேஷன், இதழே தெரியாத சிவப்புத் திட்டாக இருக்கிறது. இதழ்கள் நெகட்டிவில் இருந்திருக்கும்.

கறுப்பு வெள்ளை ரோல்களில் நடந்தது இன்னொரு தவறு. டிசம்பரில் ஆக்ஸ்போர்டில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. நியூ காலேஜ் லேன் இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவே வளைந்து போகும் ஒடுக்கமான சந்து. வானியலாளர் எட்மண்ட் ஹாலி குடியிருந்த வீடு அங்கேதான் இருக்கிறது. ஹெர்ட்ஃபோர்டு கல்லூரிப் பாலத்துக்கு அடியில் தொடங்கி, ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடையில் நல்ல இருட்டு. அங்கே கேமராவைக் கையில் பிடித்து எடுக்க வேண்டுமானால் எச்பி5-இன் 400 போதாது. எச்பி5-ஐ 1600 என்று வைத்து எடுத்தேன். இரண்டு ஸ்டாப் புஷ் என்று டப்பாவின் மேலும் படிவத்திலும் எழுதியிருந்தேன், அதற்கான கூடுதல் கட்டணமும் கொடுத்தேன். ஐடி-11 டெவலப்பரில், மேலும் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யாமல், 20 டிகிரியில் இந்த பிலிமை 400-க்குக் கழுவ இல்ஃபோர்டு சொல்லும் நேரம் ஏழரை நிமிடம். 1600-க்கு 14 நிமிடம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வந்த படங்களைப் பார்த்தால், நிழல் முழுக்கச் சேறு மாதிரி, விளக்கைச் சுற்றி மட்டும் ஏதோ தெரிகிறது. சாதாரண நேரத்துக்குத்தான் கழுவியிருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன். எந்த டெவலப்பரில் எத்தனை நிமிடம் கழுவப்பட்டது என்பதை உங்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இதிலும் கடைசியில் நெகட்டிவிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. குறைவாகக் கழுவப்பட்ட நெகட்டிவ் மெலிந்திருக்கும், ஆனால் அதில் பதிந்தது அங்கேயே இருக்கும். பொறுமையாக ஸ்கேன் செய்தால், இருட்டறையில் அழுத்தமான பேப்பரில் பிரிண்ட் போட்டால், ஓரளவு மீட்டுவிடலாம். ஸ்கேன் சரியில்லையா, மறுபடி செய்யலாம். நிறம் தப்பா, திருத்தலாம். உங்கள் எல்லாத் தவறுகளுக்கும் பரிகாரம் அந்தப் பிலிம் துண்டுகளில் இருந்தது. அதைத்தான் நீங்கள் அப்புறப்படுத்தியிருக்கிறீர்கள்.

நெகட்டிவின் மதிப்பு இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும். நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கும் முறைக்கு 1841-இல் காப்புரிமை பெற்ற ஃபாக்ஸ் டால்பட், 1844-இல் வெளியிடத் தொடங்கிய தன் நூலின் முதல் படமாக வைத்தது இதே ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள குயின்ஸ் கல்லூரியைத்தான். காலத்தாலும் மழையாலும் அரிக்கப்பட்ட அதன் கல் சுவர் அதில் பதிந்திருக்கிறது. அதன் பிறகு ஊரின் சுவர்கள் எவ்வளவோ மாறிவிட்டன. நிலக்கரிப் புகையில் உள்ளூர் ஹெடிங்டன் கல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, பல கட்டடங்களுக்கு வேறு ஊர்க் கல்லால் புது முகப்பு போட வேண்டியிருந்தது. ஷெல்டோனியன் தியேட்டர் வேலியில் இருக்கும் கல் தலைகளே மூன்றாவது தலைமுறை, 1972-இல் வைத்தவை. பழைய முகங்களைத் தேடுபவர்களுக்குப் பழைய நெகட்டிவ்கள்தான் துணை.

நான் குடியிருக்கும் கவுலி ரோட்டிலேயே ஹென்றி டான்ட் என்ற புகைப்படக்காரர் வாழ்ந்தார். இந்த நகரத்தையும் தேம்ஸ் நதியையும் பல்லாண்டுகள் படம் பிடித்தவர். 1922-இல் அவர் இறந்தபின் அவருடைய கண்ணாடி நெகட்டிவ்களில் நிறைய அழிந்துபோயின. நகர நூலகர் ஒருவர் முயற்சி எடுத்து மிச்சத்தைக் காப்பாற்றியதால்தான் விக்டோரியா காலத்து ஆக்ஸ்போர்டை இன்று ஆவணக் காப்பகத்தில் பார்க்க முடிகிறது. என் படங்களை அவருடைய படங்களோடு நான் ஒப்பிடவில்லை. எது வைத்துக்கொள்ளத் தக்கது என்பதைக் கழுவுகிற இடம் முடிவு செய்யக் கூடாது என்றுதான் சொல்கிறேன். பிலிம் என் பணத்தில் வாங்கியது, அதில் இருப்பது என் குடும்பம். அது என் சொத்து.

புது ரோல் தருவதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்று உங்கள் நிபந்தனைகளில் இருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். 1981-இல் எக்ஸிட்டர் கவுண்டி நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. நண்பர் ஒருவரின் கல்யாணத்தில் எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றைக் கழுவும் நிறுவனம் தொலைத்துவிட்டது. புது பிலிம் மட்டுமே தருவோம் என்ற அவர்களின் நிபந்தனை நியாயமற்றது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. இப்போது 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. பணம் வாங்கிச் செய்யும் வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அதில் உள்ள கடமை. நிபந்தனையில் ஒரு வரி எழுதி அதைக் கழற்றிவிட முடியாது.

எனக்கு முதலில் வேண்டியது பணம் இல்லை. நெகட்டிவ்கள் உங்கள் கட்டடத்தை விட்டு உண்மையாகவே போய்விட்டனவா என்று ஓர் ஆளை வைத்துத் தேடிப் பாருங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது, வெள்ளி பிரித்தெடுக்கப் பழைய பிலிமைச் சேர்த்து வைக்கும் வழக்கம் பல லேப்களில் உண்டு. உங்களிடமும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அதை அனுப்புவதற்கு முன் கொட்டிப் பாருங்கள். கலர் நெகட்டிவில் கழுவி முடித்தபின் வெள்ளி மிஞ்சுவதில்லை, வெறும் சாயம்தான், அதனால் அது வேறு குப்பையில் போயிருக்கலாம். அங்கேயும் தேடுங்கள். மெர்ட்டன் ஸ்ட்ரீட் பிரேம்கள் இருக்கும் அந்த ஒரு துண்டு கிடைத்தால்கூட எனக்குப் பெரிய விஷயம்.

அடுத்தது, ஸ்கேனரிலிருந்து வந்த முதல் கோப்புகள், திருத்தமும் சுருக்கமும் செய்வதற்கு முந்தையவை, உங்கள் கணினியில் இன்னும் இருந்தால் உடனே அழிக்காமல் நிறுத்தி வைத்து எனக்கு அனுப்புங்கள். தாமதமானால் அதுவும் போய்விடும் என்பதுதான் இப்போது என் பெரிய கவலை. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே இதைச் செய்யச் சொல்லுங்கள்.

தேடியும் கிடைக்காவிட்டால், நான்கு ரோல்களின் விலை, கழுவிய கட்டணம், புஷ் கட்டணம், தபால் செலவு எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும். இழந்த படங்களுக்குத் தனியாக ஒரு நியாயமான இழப்பீடும் வேண்டும். தொகையை நீங்களே சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சிறு வழக்குகளுக்கான நீதிமன்ற முறையில் மனு கொடுப்பேன்.

ஆர்டர் படிவத்தையும் மாற்றுங்கள். திருப்பித் தருவதுதான் வழக்கமாக இருக்க வேண்டும். வேண்டாம் என்று வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டுமே நெகட்டிவைக் குப்பையில் போட வேண்டும். இன்று உங்கள் கவுண்டரில் ரோல் கொடுத்துவிட்டுப் போகிறவர்களில், முதல் முறையாகப் பிலிம் பிடிக்கும் இளம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நெகட்டிவ் என்று ஒன்று திரும்பி வரும் என்பதையே அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியது உங்கள் கடை.

ரசீது, டிக் செய்த படிவத்தின் நகல், உங்கள் சேவைப் பிரிவின் பதில் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆக்ஸ்போர்டு வாடிக்கையாளர்