ஆறு யூரோ பாக்கி: சுல்மோனா பக்கத்து மக்களுக்கு ஒரு நன்றி மடல்

இத்தாலியின் அப்ருட்ஸோ பகுதியில் இருக்கும் சுல்மோனா, ஸ்கான்னோ, கொக்குல்லோ ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுகிறேன் என்பதால் இதை நீங்கள் படிக்கப் போவதில்லை. உங்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் ஊர் திரும்பி மூன்று மாதமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். "பேசினது போதும், எழுதிவிடு" என்றார் வீட்டுக்காரர். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் ஊர்களுக்கு முன்னால் ரோமில் ஐந்து நாள் இருந்தோம். அங்கே வழி, டிக்கெட், சாப்பாடு எல்லாம் செல்போனிலேயே முடிந்துபோனது. யாரிடமும் வாய் திறந்து ஒன்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அதனால் நன்றி சொல்ல ஒரு முகம்கூட நினைவில் இல்லை. உங்கள் பக்கத்தில் ஒரு பஸ் பிடிப்பதற்கே நாலு பேரைக் கேட்க வேண்டியிருந்தது. இந்த மடல் நீளமாகப் போவதற்குக் காரணம் அதுதான்.

முதலில், ரோம் திபுர்த்தினா ரயில் நிலையத்தில் எங்கள் பின்னாலேயே ஓடிவந்த கல்லூரிப் பெண்ணுக்கு. காகித டிக்கெட்டை நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்தினால்தான் அது செல்லுபடியாகும் என்று எங்களுக்குத் தெரியாது. வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தது. நீ எங்கள் கையிலிருந்து டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாய். திருட்டு என்று நினைத்து நான் கத்தினேன். மன்னித்துக்கொள், மகளே. நீ குத்திக்கொண்டு வந்த முத்திரைதான் எங்களை அபராதத்திலிருந்து காப்பாற்றியது.

அடுத்தது, ஏப்ரல் 25 அன்று காலை சுல்மோனா பஸ் நிறுத்தத்துக்கு நாயோடு வந்த பெரியவருக்கு. ஸ்கான்னோ பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தோம். கால அட்டவணையில் 'ஃபெரியாலே' என்று போட்டிருந்தது. 'ஃபெரியே' என்றால் விடுமுறை என்று எங்கோ படித்த அரைகுறை அறிவில், ஃபெரியாலே என்றால் விடுமுறை நாள் பஸ் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். நேர்மாறாம். ஃபெரியாலே வேலை நாள், விடுமுறைக்கு 'ஃபெஸ்திவோ'. இத்தாலியில் சின்ன ஊர்களுக்குப் போகிற தமிழர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஐயா, நீங்கள் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. காப்பிக் கடைக்கு அழைத்துப்போய், அன்று என்ன விடுமுறை என்று பேத்தியை மொழிபெயர்க்க வைத்துச் சொன்னீர்கள். 1945-இல் நாஜிகளிடமிருந்தும் பாசிஸ்டுகளிடமிருந்தும் நாடு விடுபட்ட நாள். அப்புறம் மொரோனே மலையைக் காட்டினீர்கள். அதன் அடிவாரத்தில் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் முகாம் ஒன்று இருந்தது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் கைதிகள் வெளியேறினார்கள். ஜெர்மானியர்கள் தேடி வந்தார்கள். ஊர் மக்கள் கைதிகளைக் கொட்டகையிலும் குகையிலும் ஒளித்து வைத்தார்கள். பலர் மயெல்லா மலைத்தொடரைப் பனியில் தாண்டி நேச நாட்டுப் படைகளிடம் போய்ச் சேர்ந்தார்கள். பின்னாளில் இத்தாலியக் குடியரசுத் தலைவரான சாம்பியும் 1944 மார்ச்சில் அந்த மலையைத்தான் தாண்டினார். இன்றும் ஆண்டுதோறும் சுல்மோனாவிலிருந்து கசோலி வரை அதே பாதையில் கூட்டமாக நடக்கிறார்கள். உங்கள் அம்மா வீட்டில் இருந்த ஒரே ரொட்டியை இரண்டு ஆங்கிலேயர்களுக்கு வெட்டிக் கொடுத்ததையும், ஆறு வயதில் நீங்கள் அதற்குக் கோபித்துக்கொண்டதையும் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த மலையில் ஏப்ரல் மாதத்திலும் பனி இருந்தது. பஸ் வந்திருந்தால் எனக்கு அது வெறும் அழகான மலை.

மறுநாள் ஸ்கான்னோ போனோம். டிக்கெட்டைப் பஸ்ஸுக்குள் வாங்க முடியும் என்று நினைத்தது என் தவறு. புகையிலைக் கடைதான் டிக்கெட் கடையும். கடைக்கார அம்மா, என்னிடம் இருந்தது பெரிய நோட்டு; உங்களிடம் சில்லறை இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டியும் ஆறு யூரோ குறைந்தது. "தொமானி, தொமானி" என்று டிக்கெட்டைக் கையில் திணித்தீர்கள். நாளைக்குத் தாருங்கள் என்று அர்த்தம். முன்பின் தெரியாத, சேலை கட்டிய ஒருத்திக்கு.

சஜித்தாரியோ மலையிடுக்கில் அந்தப் பஸ் போகும் பாதையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, பாதி வழி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு ஸ்கான்னோ ஒரு புனித தலம். 1951-இல் கார்த்தியே-பிரெஸ்ஸோனும், சில ஆண்டுகள் கழித்து ஜியாகொமெல்லியும் என்ற புகைப்படக் கலைஞர்கள் அந்த ஊர்ப் பெண்களைக் கறுப்பு உடையில், கல் படிகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை இளம் வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர். இப்போது அந்த உடையை அன்றாடம் உடுத்துகிற பாட்டிகள் மிகச் சிலரே. ஒருவரைப் பார்த்தோம். கேமராவை எடுக்க வீட்டுக்காரருக்கே கூச்சமாகிவிட்டது, எடுக்கவில்லை. படியில் உட்கார்ந்து உருளைத் தலையணையில் மரக்குச்சிகளை மாற்றிப் போட்டு நூல் சரிகை பின்னிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் விரலைப் பிடித்து நாலு முடிச்சு போட வைத்தார். பிறகு அதை அப்படியே அவிழ்த்தும் விட்டார், வேலை கெட்டுப்போகக் கூடாதல்லவா! நன்றி அம்மா.

அங்கே என் கைப்பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். சர்க்கரை மாத்திரை, பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள். ஓட்டுநர் தம்பி, நீங்கள் அடுத்த நடையில் வந்தபோது, பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி, பையை உயர்த்திக் காட்டிக்கொண்டே இறங்கினீர்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

சுல்மோனாவில் அறை கொடுத்த அக்காவுக்குத் தனியாக ஒரு மடலே எழுத வேண்டும். நான் கறி, மீன் சாப்பிடுவதில்லை, முட்டை பரவாயில்லை என்றதும் உங்கள் முகம் போன போக்கு! ஆட்டிறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுடுவதைப் பெருமையாகச் சொல்லும் அப்ருட்ஸோ மண்ணில் வந்து இப்படி ஒருத்தி. பயற்றுச் சூப்பில் கொஞ்சூண்டு பன்றிக்கொழுப்பு போட்டால் தப்பில்லையே என்று முதல் நாள் பேரம் பேசினீர்கள். இரண்டாம் நாள் எனக்கென்று தனிச் சட்டி. மூன்றாம் நாள் 'கித்தாரா'வை இறக்கினீர்கள்: மரச்சட்டத்தில் கிட்டார் போலக் கம்பி கட்டியிருக்கும், மாவுத் தகட்டை மேலே வைத்து உருட்டினால் நூல் நூலாகக் கீழே விழும். எங்கள் இடியாப்ப உரலைப் போனில் காட்டினேன். அதற்குப் பின் நமக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சுல்மோனா சர்க்கரைப் பாகு பூசிய பாதாமுக்குப் பேர் பெற்றது. 'கொன்ஃபெத்தி' என்பார்கள். கல்யாணத்துக்கு வெள்ளை, பட்டம் வாங்கினால் சிவப்பு, ஐம்பதாவது மணநாளுக்குப் பொன்நிறம். கடைகளில் பூங்கொத்துப் போலக் கட்டித் தொங்கும். உலகமே விழாக்களில் தூவும் வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொன்ஃபெத்தி என்கிறதே, அவற்றை இத்தாலியர் 'கொரியாந்தொலி' என்கிறார்கள். காரணம், முன்பு கொத்தமல்லி விதைக்குச் சர்க்கரை பூசித்தான் வீசுவார்களாம். நான் உடனே எங்கள் சீரக மிட்டாயைப் பற்றிச் சொன்னேன். கடைக்காரர் நம்பவில்லை.

மே 1 அன்று எங்களைக் காரில் கொக்குல்லோவுக்கு அழைத்துப்போனது அக்காவின் மருமகன். மொத்தம் இருநூறு பேர் இருக்கும் ஊர், அன்று காலடி வைக்க இடமில்லை. 1031-இல் மறைந்த சான் தொமேனிக்கோ என்ற துறவியின் சிலையைக் கோயிலிலிருந்து எடுத்துவந்து, உயிருள்ள பாம்புகளை அதன்மேல் மாலையாகப் போட்டு ஊர்வலம் விடுகிறார்கள். விஷமில்லாத பாம்புகள்தான். வசந்த காலத் தொடக்கத்தில் பிடித்துப் பத்திரமாக வளர்த்து, விழா முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவள் நான். ஆனால் கும்பிடுவது ஒன்று, தோளில் போட்டுக்கொள்வது வேறு. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பாம்பின் வாலை என் உள்ளங்கையில் வைத்து, பயம் தெளியும்வரை தலையைத் தன் கையிலேயே வைத்திருந்தான். கோயிலுக்குள் மணிக்கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தால் பல்வலி வராதாம். வீட்டுக்காரர் பல்செட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்ததைப் பார்த்து, வரிசையில் நின்ற அத்தனை பேரும் வழிவிட்டீர்கள். அதற்கும் நன்றி.

ஆறு யூரோ விஷயத்துக்கு வருகிறேன். கொடுக்காமல் ஓடிவந்தவர்கள் அல்ல நாங்கள். நினைவு வந்து போனபோதெல்லாம் மதியம் இரண்டு, மூன்று மணி. ஊர் முழுக்கக் கதவு சாத்தியிருக்கும். கடைசி நாள் மே 1, விடுமுறை. மறுநாள் விடியற்காலை ரயில்.

கடைக்கார அம்மா, செப்டம்பரில் என் தம்பி மகள் ரோமுக்குப் படிக்க வருகிறாள். ஃபெரியாலே எது, ஃபெஸ்திவோ எது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேலை நாளாகப் பார்த்து, மதியம் ஒரு மணிக்கு முன்னால் உங்கள் கடைக்கு வருவாள். ஒரு உறையில் ஆறு யூரோ இருக்கும், சில்லறையாக. கூடவே அரைக் கிலோ சீரக மிட்டாய். அதில் பாதியைக் கொன்ஃபெத்திக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.