சிவப்பு வீழ்படிவும் செம்புக் குழாயும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தில் நீங்கள் போடும் வேதியியல் வினா விடையை என் மகள் சத்தமாகப் படிப்பாள், நான் காதில் வாங்கிக்கொள்வேன். போன வாரம் ஆல்கைன் பாடம். இரண்டு கார்பனுக்கு நடுவே முப்பிணைப்பு, அதில் மிகச் சிறியது ஈத்தைன், அதாவது அசிட்டிலீன் என்று அவள் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேஸ் வெல்டிங்தான் என் தொழில், இருபது வருஷமாக அதைக் கொளுத்தித்தான் பிழைக்கிறேன்.

அம்மோனியா சேர்த்த குப்ரஸ் குளோரைடு கரைசலில் அசிட்டிலீனைச் செலுத்தினால் என்ன கிடைக்கும் என்று ஒரு கேள்வி. சிவப்பு வீழ்படிவு என்று விடை, அத்தோடு முடித்துவிட்டீர்கள். அது காப்பர் அசிட்டிலைடு, அதாவது செம்பும் அசிட்டிலீனும் வினைபுரிந்து உண்டாகும் சேர்மம். ஈரமாக இருக்கும்வரை சாது, காய்ந்துவிட்டால் லேசாக உரசினாலே வெடிக்கும். அசிட்டிலீன் லைனில் செம்புக் குழாய் போடாதே என்று தொழில் கற்றுக்கொடுத்தவர் அதட்டியது இதற்காகத்தான், ஆனால் அவர் காரணம் சொன்னதில்லை. பட்டறையில் விதி மட்டும் இருந்தது, உங்கள் பக்கத்தில் காரணம் மட்டும் இருக்கிறது.

சிலிண்டர் விஷயமும் அப்படித்தான். அழுத்தம் கூடினால் இந்த வாயு காற்றே இல்லாமலும் தானாகச் சிதைந்து வெடிக்கும், அதனால் மற்ற வாயுக்களைப் போல வெறும் சிலிண்டரில் அடைக்க முடியாது. உள்ளே நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அந்த அசிட்டோனில்தான் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். படுக்கப்போட்டுத் திறந்தால் அசிட்டோனும் சேர்ந்து வந்துவிடும், ரெகுலேட்டரும் டியூபும் பாழ். அப்புறம் டார்ச்சில் அசிட்டிலீனை மட்டும் பற்றவைத்துப் பாருங்கள், மஞ்சள் சுடர், நூல் நூலாகக் கரி பறக்கும். ஆக்சிஜனைத் திறந்ததும் அதே சுடர் சுருங்கி நீலக் கூம்பாகி 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும்.

என்னை உறுத்தியது இன்னொரு விடை. மெர்குரிக் சல்பேட்டும் கந்தக அமிலமும் இருக்க, அசிட்டிலீனோடு நீர் சேர்ந்தால் அசிட்டால்டிஹைடு. சரிதான். ஆனால் ஜப்பானில் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை பல வருஷம் ஓட்டியது இதே வினையைத்தான். அதில் உண்டான மெத்தில் பாதரசம் கழிவோடு கடலுக்குப் போய், மீனில் சேர்ந்து, மீன் தின்ற பூனைக்கும் மனிதருக்கும் நரம்பைக் கெடுத்தது. நோய் வெளியே தெரிந்தது 1956இல், அந்த உற்பத்தி நின்றது 1968இல்தான். இதைச் சொல்ல ஒரு வரிகூட இடமில்லையா?

பயமுறுத்துவது மட்டும் போதும் என்று சொல்லவில்லை. அசிட்டிலைடாகி வெடிக்கும் அதே செம்பைக் கொஞ்சம் வினையூக்கியாகப் போட்டால் ஆல்கைனும் அசைடும் (மூன்று நைட்ரஜன் வரிசையாகக் கோத்த சேர்மம்) பட்டன் மாட்டுவதுபோல் ஒட்டிக்கொள்ளும், மருந்து தேடுபவர்களுக்குப் பெரிய உதவி. இதைத் தனித்தனியே கண்டுபிடித்த ஷார்ப்லெஸ், மெல்டால் இருவருக்கும் 2022இல் வேதியியல் நோபல். செம்பு உயிருள்ள செல்லுக்கு ஆகாது என்பதால் அது இல்லாமலேயே செய்ய வழி கண்ட பெர்டோசிக்கும் அதில் பங்கு. ஆல்கைனை ஒரு வளையத்துக்குள் வலுக்கட்டாயமாக வளைத்து வைத்தார், அந்த இறுக்கமே வினையைத் தள்ளிவிடும்.

அடுத்த முறை அந்தக் கேள்வியைப் போடும்போது, சிவப்பு வீழ்படிவு என்பதற்குப் பக்கத்தில் ‘காய்ந்தால் வெடிக்கும்’ என்று சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், ஒரு வெல்டர்