குளத்தில் விட்ட தரையாமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பர்மாவில் அருகிவரும் உயிரினங்களைப் பற்றி வந்த கட்டுரையில், பர்மிய நட்சத்திர ஆமை காட்டில் அநேகமாக அழிந்ததற்குக் காட்டோர மக்களின் மூடநம்பிக்கையே காரணம் என்று ஒரு வரி இருந்தது. அதை மறுத்து எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நடு பர்மாவின் வறண்ட நிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த ஆமை இயற்கையாக வாழ்வதில்லை. மாண்டலே வட்டாரத்து மின்ஸோன்தவுங் காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தார், அங்குள்ள ஆமைகளை ‘நாட்’ எனப்படும் காவல் தெய்வம் காப்பதாகவும், அவற்றுக்குத் தீங்கு செய்தவரை அது தண்டிக்கும் என்றும் நம்பி வந்தார்கள். அய்யனார் காட்டில் சுள்ளி ஒடிக்கவும் தயங்கிய நம் முன்னோரின் அச்சம் போன்றதுதான் இதுவும். 1990களில் சீனச் சந்தைக்காக ஆமை தேடி வெளியூர் வியாபாரிகள் வந்த பிறகுதான் நிலைமை தலைகீழானது. முதலில் இறைச்சிக்கும் மருந்துக்கும், பின்னர் அந்த ஓட்டின் அழகுக்காக வளர்ப்பு விலங்காகவும், ஆமைகள் அள்ளிச் செல்லப்பட்டன. காட்டு மக்கள்மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேட்டை நாய்களை விட்டு ஆமைகளைத் தேடிப் பிடிப்பதும், கோடையில் காட்டுக்குத் தீ வைப்பதும் இன்றும் உண்டு. அந்தத் தீயிலிருந்து ஓடித் தப்ப ஆமையால் முடியாது. ஆனால் வெளியிலிருந்து வந்த பணம்தான் அவர்களது பழைய அச்சத்தை உடைத்தது.

கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்டவை உட்பட ஏறத்தாழ 175 ஆமைகளைக் கொண்டு, 2004இல் லோகானந்தா, ஷ்வேசெட்டோ, மின்ஸோன்தவுங் சரணாலயங்களில் வளர்ப்பு தொடங்கியது. 2017க்குள் அவை 14,000ஐத் தாண்டின. 2013 முதல் ஒரு பகுதி மீண்டும் காட்டில் விடப்பட்டு வருகிறது. அப்படி விடப்படும் ஆமைகளின் ஓட்டில் புத்த சமயச் சின்னம் பொறிக்கிறார்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளைமேல் ஊரார் கை வைக்கத் தயங்குவதைப் போல, அதன்மேல் கை வைக்கவும் கிராமத்தார் தயங்குவார்கள் என்பதே நோக்கம். கட்டுரையாளர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியதையே வேலியாக நம்பித்தான் இந்த முயற்சி நடக்கிறது.

பர்மாவில் வாழும் நம்மவர் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஈராண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக் கோயில் ஒன்றின் திருவிழாவில், புண்ணியம் சேரும் என்று சந்தையில் வாங்கிவந்த ஆமைகளைக் குளத்தில் விட்டார்கள். கூடையிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் ஓட்டில் கருந்திட்டுகள். விரலிடைச் சவ்வு இல்லாத, யானைக்குட்டியின் காலைப் போல உருண்ட கால்கள். அது இலையுதிர் காடுகளில் வாழும் தரையாமை. அதற்கு நீந்தத் தெரியாது. நான் சொல்லி முடிப்பதற்குள் மற்றவற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். ஒன்று மட்டும் தலையை உயர்த்தி, படிக்கட்டுப் பாசியை நகங்களால் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஓர் இளைஞர் குதித்து அதைத் தூக்கினார். மூழ்கியவற்றை நாங்கள் காணவில்லை.

அந்த ஆமைகளுக்கு நாம் கொடுத்த காசு, அடுத்த நாயைக் காட்டுக்குள் அனுப்புகிறது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லி, வாசலுக்கு வந்த ஆமையைச் சாக்கில் கட்டி விற்கும் நம் வீட்டார், காட்டு மக்களின் நம்பிக்கையைக் குறை சொல்வது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. கோயில் நிர்வாகங்கள் ஆமை விடும் வழக்கத்தை அறவே நிறுத்த வேண்டும். வீட்டுக்கு வரும் ஆமையை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பங்குனித் திருவிழாவுக்கு முன் வரும் இதழில், குளத்தாமையின் காலையும் தரையாமையின் காலையும் அருகருகே படமாக வெளியிடுங்கள். அதைப் பெரிதாக்கிக் கோயில் வாசல்களில் ஒட்டும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பெகு, பர்மா