த்ரெட்ஸுக்கு நம் வாசலை எவ்வளவு திறப்பது?

காசிமேடு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை, உன்னை விசாரித்தார்கள். மஸ்கட்டில் வெயில் எப்படி?

நாம் சொந்தமாக நடத்தும் சின்ன சமூக வலைத்தளமான நம் மாஸ்டடான் சர்வரைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். ஃபேஸ்புக் கம்பெனியான மெட்டாவின் த்ரெட்ஸ் தளம் 2023 ஜூலையில் வந்து ஐந்தே நாளில் பத்துக் கோடிப் பேரைச் சேர்த்தது உனக்குத் தெரியும். அந்த டிசம்பரிலேயே வெவ்வேறு சர்வர்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ஆக்டிவிட்டிபப் வழியாக நம் பக்கமும் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. வெளியே பகிரச் சம்மதித்த த்ரெட்ஸ் கணக்குகளை இங்கிருந்தே பின்தொடரலாம். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இதில் சந்தோஷம். எண்ணூர் சங்கதி இனி ஊருக்கே எட்டும் என்கிறார்கள். மீதிப் பேர் மொத்தமாக பிளாக் பண்ணச் சொல்கிறார்கள்.

அதே டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்ததே, அப்போது நம் சர்வரில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார். கறுத்துப்போன வலையைப் படமெடுத்துப் போட்டவருக்குப் பதில் சொன்னவர்கள் எல்லாம் அவரைத் தெரிந்தவர்கள். எங்கே சாப்பாடு தருகிறார்கள், எந்தப் படகு கழுவியாகிவிட்டது என்றுதான் பேச்சு. அந்தப் படத்தை த்ரெட்ஸில் லட்சம் பேர் பின்தொடரும் ஒருவர் பகிர்ந்திருந்தால்? ஆறுதலோடு வசவும் வந்து குவிந்திருக்கும். வேலை முடிந்து வந்து அதையெல்லாம் பார்த்து நீக்க இங்கே இரண்டே பேர். வெளியிலிருந்து வரும் படங்களை நம் சர்வரும் ஒரு பிரதி எடுத்து வைக்கும், டிஸ்க் நிரம்பிவிடும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, நமக்குச் சர்வரே படுத்துவிடும்.

அதைவிட எனக்கு பயம், பழகிய பிறகு கதவு சாத்தப்படுவது. கூகுளின் அரட்டைச் செயலி கூகுள் டாக் நினைவிருக்கிறதா? 2006-ல் எக்ஸ்எம்பிபி என்ற பொதுவான அரட்டை முறை வழியாக மற்ற சர்வர்களோடு பேசியது. 2013-ல் அதற்குப் பதிலாக ஹேங்கவுட்ஸ் வந்தது, அதில் அந்த வழி இல்லை. வெளியே சின்ன சர்வர் வைத்திருந்தவர்கள் கூகுளில் இருந்த நண்பர்களை ஒவ்வொருவராக இழந்தார்கள். மெட்டாவும் அப்படியே செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பேச்சில் பாதி அங்கே நடக்கத் தொடங்கிவிட்டால், முடிவு நம் கையில் இருக்காது.

அதற்காக மொத்தமாக பிளாக் பண்ணவும் எனக்கு மனமில்லை. தண்டையார்பேட்டையில் இருக்கும் நம் பசங்களின் அக்கா தங்கைகள் த்ரெட்ஸில்தான் இருக்கிறார்கள். லிமிட் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போடலாம் என்பது என் எண்ணம். பின்தொடர்பவர்களுக்குப் பதிவு வரும், பொது டைம்லைனில் வராது. நாம் பின்தொடராதவர் நம் பெயரைக் குறிப்பிட்டால் நோட்டிஃபிகேஷனும் வராது. தொல்லை கூடினால் அப்புறம் பிளாக் இருக்கவே இருக்கிறது.

சர்வரை நாம் சேர்ந்துதான் ஆரம்பித்தோம், உன் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன். இன்னொன்றும் கேட்கிறேன்: உனக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்தானே, இங்கே நாங்கள் படுத்த பிறகு வரும் புகார்களைக் கொஞ்ச நாள் நீ பார்த்துக்கொள்வாயா?

அன்புடன்,
குமார்