அம்மாவின் காலைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டருக்கு நன்றி

ரோஸ் ஹில் பக்கம் அரசு சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் அந்த சிஸ்டருக்கு இந்த நன்றி. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மொரீஷியஸில் அரசு மருத்துவம் இலவசம்தான், மருந்தும் கிடைத்துவிடும், ஆனால் இந்த நோயோடு எப்படி வாழ்வது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் வேண்டுமே! 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் அம்மாவின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி குறைந்த இடங்களைக் கண்டுபிடித்தது அவர்தான். இன்சுலினை ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கட்டியாகி மருந்து சரியாகச் சேராது, இடம் மாற்றிப் போடுங்கள் என்று கையைப் பிடித்துக் காட்டினார்.

அப்புறம் தைப்பூசம் வந்தது. கோர் டி கார்ட் மலை முருகன் கோவிலுக்கு வெறுங்காலோடு பால்குடம் எடுத்தே தீருவேன் என்று அம்மா ஒரே பிடிவாதம், வீட்டில் யார் பேச்சும் எடுபடவில்லை. தார் ரோடு சுட்டால்கூட உங்கள் காலுக்குத் தெரியாது, கொப்புளம் புண்ணாகிவிடும், இன்சுலின் போட்டுக்கொண்டு விரதம் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். வேண்டுதலை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை, அதுதான் பெரிய விஷயம். அம்மா காலணியோடு வந்து அடிவாரத்தில் நின்று கும்பிட்டார்.

இப்போது தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். ரொம்ப நன்றி, சிஸ்டர்.