தங்க ஊர் கவுன்சில்காரங்களே, இந்த கேரவனை எங்கதான் நிறுத்துறது?

ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துப் பழைய தங்கச் சுரங்க ஊர்களைப் பாத்துக்குற கவுன்சில்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

மெல்போர்ன்ல இருந்து குளிர்காலத்துல கேரவனை இழுத்துக்கிட்டு உங்க பக்கம் வர்ற ஆளுங்க நாங்க. ஜூலை வந்தா எல்லாரும் வெயில் தேடி குயின்ஸ்லாந்துக்கு ஓடுவாங்க, நாங்க மட்டும் பாலரட், காசில்மெயின், பெண்டிகோன்னு கிளம்புவோம், கூட்டம் கிடையாது, ஈ தொல்லை கிடையாது, பாம்பு பயமும் இல்ல. காலைல ஹோஸ்ல தண்ணி உறைஞ்சு கிடக்கும்னு முந்தின ராத்திரியே கெட்டில்ல புடிச்சு வெச்சுக்குவோம், டீசல் ஹீட்டர் இருக்கு, சுக்கு காபி இருக்கு, குளிரைச் சமாளிச்சிடலாம்ங்க.

பார்க்கிங்தான் சமாளிக்க முடியல.

காரும் கேரவனும் சேந்தா 12 மீட்டர். போன குளிருக்கு ஒரு ஊர்ல (பேர் வேணாம், விடுங்க) நீள வண்டிக்கு இடமில்லங்குற போர்டே மெயின் தெருவுக்குள்ள நுழைஞ்சப்புறம்தான் கண்ணுல படுது. ரெண்டு பக்கமும் சாய்வா நிறுத்துன காருங்க, பின்னாடி ஒரு லாரி, வீட்டம்மா இறங்கி கை காட்ட நான் இன்ச் இன்ச்சா ரிவர்ஸ் எடுக்க, பேக்கரி வாசல்ல நின்னவங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. அந்த ஊர்ல ஒரு பன்னு கூட வாங்காம வெளிய வந்தோம். காட்டு ஓரமா ஒதுக்கலாம்னா பழைய சுரங்கக் குழி எங்க வாயைப் பொளந்துகிட்டு இருக்குமோன்னு பயம்.

தெருவை அகலப்படுத்தச் சொல்லலைங்க. 1966லயே பழைய கட்டடங்களைப் பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட் மரியாதை செஞ்ச மால்டன் மாதிரி ஊர்ல யாராவது அப்படி கை வெச்சா நானே சண்டைக்கு வருவேன்.

2025ல உங்க வட்டாரம் யுனெஸ்கோ உலக பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியல்ல ஏறிடுச்சு, சந்தோஷம். ஆனா டூர் பஸ்ல வர்றவங்க பாலரட்ல பழைய சுரங்க ஊரு மாதிரியே கட்டி வெச்சிருக்குற சாவரின் ஹில்ல தட்டுல தங்கம் அலசி போட்டோ எடுத்துட்டு சாயங்காலமே திரும்பிடுறாங்க. காசில்மெயின் பக்கத்துல பென்னிவெயிட் ஃப்ளாட்ல 1850கள்ல செத்துப்போன குழந்தைங்களைப் புதைச்ச இடம் இருக்கு, பாதிக்கு மேல பேரே இல்ல, கல்லை அடுக்கி வெச்ச கை நீள மேடுங்கதான், அங்க பத்து நிமிஷத்துல பாத்துட்டு பஸ் ஏற முடியுமா? 1855ல விக்டோரியாவுல கப்பல்ல வந்து இறங்குற சீனாக்காரங்களுக்கு மட்டும் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டாங்க, அதைத் தவிர்க்க அவங்க பக்கத்து மாநிலமான சவுத் ஆஸ்திரேலியாவுல ரோப்ங்குற துறைமுக ஊர்ல இறங்கி நானூறு கிலோமீட்டருக்கு மேல நடந்தே வந்தாங்க, 1857ல அப்படி நடந்து வந்த ஒரு கூட்டத்துக்குத்தான் வழியில அராரட்ல தங்கம் கிடைச்சுது. அந்த ரூட்டை ஊர் ஊரா தங்கிப் பாக்குறது எங்கள மாதிரி ஆளுங்கதான், அதுவும் உங்க கடைங்க ஈ ஓட்டுற மாசத்துல.

நாங்க கேக்குறது ரொம்பப் பெருசு இல்ல. ஊருக்கு அரை கிலோமீட்டர் முன்னாடியே, வண்டியைத் திருப்ப இடம் இருக்கும்போதே ஒரு போர்டு. நடந்து போற தூரத்துல நாலஞ்சு நீள வண்டி நிக்க ஒரு இடம், ஃபுட்டி (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) கிரவுண்டு பக்கத்துலயே கொடுக்கலாம், சனிக்கிழமை மேட்ச் போக மத்த நாள் சும்மாதானே கிடக்குது. தார் எல்லாம் வேண்டாம், ஜல்லி கொட்டுனா போதும், மழையில டயர் சேத்துல மாட்டாம இருக்கணும் அவ்வளவுதான். பட்ஜெட் இடிச்சா போர்டை மட்டுமாவது முதல்ல நடுங்க.

இப்படிக்கு,
அடுத்த ஜூலையும் வரப்போற ஒரு கேரவன்காரன்